10,363 என்ற எண்: அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்மேன் என்ன செய்கிறார்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி, தன் பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்களை மைதானத்துக்குள்ளேயே பொறித்து வைத்திருக்கிறது. 2018-இல் அந்த இடத்தில் ஒரு எண்ணையும் சேர்த்தார்கள்: 10,363. யாரோ எடுத்த புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல அது. யாரோ ஓடிக் கடந்த தூரமும் அல்ல. ஜோ தாமஸ் என்ற ஒருவர், 2007-இல் தன் முதல் ஆட்டத்தின் முதல் நொடியிலிருந்து 2017 அக்டோபர் 22 வரை, ஒரு தடவைகூட வெளியே உட்காராமல் தொடர்ந்து எத்தனை முறை களத்தில் நின்றார் என்பதன் கணக்கு.

ஒரு மனிதர் நின்றதற்கா சுவரில் எண் எழுதுவார்கள் என்று தோன்றும். அந்த எண் ஏன் அவ்வளவு பெரியது என்று புரிந்துவிட்டால், லைன்மேன் என்பவரின் வேலையும் வாழ்க்கையும் முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால் அந்த எண்ணை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். லைன்மேன் என்றதும் நமக்கு மின்கம்பத்தில் ஏறுகிறவர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. ஆட்டம் தொடங்கும்போது பந்து வைக்கப்படும் இடத்தில், மைதானத்தின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோட்டின் மேல் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்கள் லைன்மேன்கள். பந்து வைத்திருக்கும் அணியின் பக்கம் நிற்பவர்கள் அஃபென்சிவ் லைன்மேன்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. மைதானம் 100 கெஜ நீளம். ஒரு நேரத்தில் களத்தில் ஒரு அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்புகள், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரணியின் எல்லையைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். நடுவில் நிற்கும் லைன்மேன் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் நிற்பவரிடம் தள்ளுவதோடு அது தொடங்கும். அந்தத் தள்ளலுக்கு ஸ்னாப் என்று பெயர். தாமஸின் 10,363 என்பது இந்த ஸ்னாப்களின் கணக்குதான்.

பின்னால் நின்று பந்தை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். படத்தில் வருவது அவர், விளம்பரத்தில் வருவது அவர். அவர் பந்தைத் தூரத்தில் ஓடும் ஒருவருக்கு எறியலாம், அல்லது பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து ஓடவிடலாம். எறிய வேண்டுமென்றால் யார் காலியாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், அதற்கு இரண்டரை நொடியோ மூன்று நொடியோ வேண்டும். அந்த மூன்று நொடியில் அவரைக் கீழே சாய்க்கத்தான் எதிரணியின் ராட்சத உருவங்கள் பாய்ந்து வருகின்றன. அவர்களுக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவில் இருப்பது ஐந்து பேர்.

நடுவில் சென்டர். அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள். அவர்களுக்கு வெளியே, ஓரங்களில், இரண்டு டேக்கிள்கள். இவர்கள் முதுகில் பொதுவாக 50 முதல் 79 வரையான எண்கள் இருக்கும். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதிப்படி இவர்களுக்கு உரிமை கிடையாது. பந்து எறியப்படும் முன் கோட்டைத் தாண்டி ஒரு கெஜத்துக்கு மேல் போனாலும் தவறு. அதாவது ஆட்டத்தில் எல்லோரும் எதற்காக ஓடுகிறார்களோ, அந்தப் பந்தே இவர்களுக்கு இல்லை. ஸ்னாப் கொடுக்கும் சென்டரைத் தவிர மற்ற நால்வரும் பல ஆட்டங்களில் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவார்கள்.

தாமஸ் இடது டேக்கிள். அந்த இடத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு.

பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலது கைக்காரர்கள். வலது கையால் எறியத் திரும்பினால் உடல் வலப்பக்கம் பார்க்கும், இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 18, தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்த திங்கள் இரவு ஆட்டம். வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. வேகமும் பலமும் ஒன்றாகச் சேர்ந்த டெய்லரைப் போன்றவர்கள் ஓரத்திலிருந்து பாயத் தொடங்கிய காலம் அது. அவர்களைத் தடுக்க, அதே அளவு நீளமான கைகளும், பருத்த உடலோடு நடனக்காரரின் பாதங்களும் உள்ள ஒருவரை இடது ஓரத்தில் நிறுத்தியாக வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். 1993-க்குப் பிறகு வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று ஆனபோது, இடது டேக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கு வலது ஓரத்திலிருந்தும் அதே வேகத்தில் பாய்கிறார்கள் என்பதால் இடது, வலது டேக்கிள்களுக்கு இடையிலான விலை வித்தியாசம் குறைந்துவிட்டது. 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி தன் வலது டேக்கிள் பெனேய் சூவலுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

இனி அந்த மூன்று நொடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

இடது டேக்கிள் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்திக் குந்தி நிற்கிறார். ஆறரை அடி உயரம், 140 கிலோ எடை. அவருக்கு எதிரே, இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி, சுமார் 120 கிலோ எடையுள்ள ஒருவர் ஓட்டப் பந்தயக்காரர்போல் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறார். ஒருமுறை நிலைகொண்ட பிறகு ஸ்னாப் வரும்வரை டேக்கிள் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் அணிக்கு 5 கெஜம் அபராதம். எதிரணியின் ஊரில் ஆடும்போது கூட்டம் வேண்டுமென்றே கூச்சல் போடும், குவார்ட்டர்பேக்கின் குரல் காதில் விழாது. அப்போது டேக்கிள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துக்கொண்டே எதிரியையும் பார்க்க வேண்டும்.

பந்து நகர்கிறது. டேக்கிள் முன்னே பாய்வதில்லை, பின்னே போகிறார். இடது காலைப் பின்பக்கமாக எற்றி வைக்கிறார், வலது கால் தரையை உரசினாற்போல் கூடவே வருகிறது. மறுபடி எற்று, மறுபடி இழு. கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டவே கூடாது, தாண்டினால் ஒரு தட்டில் விழுந்துவிடுவார். எதிரி முன்னோக்கி ஓடிவருகிறான், இவர் பின்னோக்கி ஓடுகிறார், இருந்தும் இவர் பிந்தக் கூடாது. என்னைக் கேட்டால் விளையாட்டு உலகிலேயே மிகக் கடினமான காலடி இதுதான். ஆறரை அடி மனிதர் நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் பின்னோக்கி விரைவதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கைகள். எதிரியின் மார்பில், இரு தோள்களுக்கும் உள்ளே, உள்ளங்கையை அறைந்து பிடிக்க வேண்டும். சீக்கிரம் நீட்டினால் அவன் தட்டிவிட்டுப் போய்விடுவான். தாமதித்தால் அவன் கை முதலில் இவர் மார்பில் விழும், பிறகு இவரையே வண்டிபோல் தள்ளிக்கொண்டு போய் குவார்ட்டர்பேக்கின் மடியில் போடுவான். சட்டையை வெளிப்புறமாகப் பிடித்து இழுத்தால் 10 கெஜம் அபராதம். 1978 வரை லைன்மேன்கள் கைகளை மார்போடு ஒடுக்கித்தான் தடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு விதியை மாற்றி, கையை நீட்டவும் உள்ளங்கையை விரிக்கவும் அனுமதித்தார்கள். இன்று நாம் பார்க்கும், பந்தை நீளமாக எறியும் ஆட்டம் வளர்ந்ததற்கு அந்த மாற்றம் பெரிய காரணம்.

இதெல்லாம் மூன்று நொடிக்குள் முடிகிறது. பிறகு எழுந்து, மூச்சு வாங்கி, அரை நிமிடத்தில் மறுபடி குந்தி நிற்க வேண்டும். தாமஸ் ஆடிய 167 ஆட்டங்களுக்குக் கணக்குப் போட்டால் ஆட்டத்துக்குச் சராசரியாக 62 முறை.

தடுப்பது மட்டுமே வேலை இல்லை. பந்தைக் கையில் வைத்து ஓடுகிற ஆட்டமாக இருந்தால் இதே மனிதர்கள் முன்னோக்கிப் பாய்ந்து எதிராளியை இடம் பெயர்த்து, ஓடுபவனுக்குச் சந்து திறந்துவிடுவார்கள். அப்போது கார்டு தன் இடத்தைவிட்டு விலகி, வரிசைக்குப் பின்னாலேயே ஓடி மறுமுனையில் போய் இடிப்பதும் உண்டு. சென்டருக்கு மூளை வேலை கூடுதல். எதிரே யார் பாயப்போகிறார்கள் என்று ஊகித்து, யாரை யார் தடுப்பது என்று கை காட்டிச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ஜேசன் கெல்சி இதில் பேர்பெற்றவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2011 தேர்வில் 191-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், இந்த வேலைக்குச் சற்றுச் சிறிய உடம்புக்காரர். எதிரணியைப் படிக்கும் திறமையாலும் வேகத்தாலும் 13 ஆண்டுகள் ஒரே அணியில் ஆடிவிட்டு 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார்.

சரி, இந்த வேலைக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? வழக்கமான வழி பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு டிராஃப்ட் எனப்படும் தேர்வு. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கின் 32 அணிகளும் ஏப்ரலில் ஏழு சுற்றுகளாக ஆட்களை எடுக்கும். அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் கூட்டி வைத்து எல்லாவற்றையும் அளப்பார்கள். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம், 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பது வரை. டேக்கிளுக்குக் கையின் நீளத்தில் அரை அங்குலம் குறைந்தால்கூட, கார்டாக மாற்றலாமா என்று பேச்சு வரும்.

தாமஸ் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே ஆடினார். 2006 ஜனவரியில் ஒரு ஆட்டத்தில், பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஆடும் வரிசையில் ஆள் குறைந்ததால் அவரை அங்கே இறக்கினார்கள். அதில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இன்னொருவராக இருந்தால் அங்கேயே கதை திசைமாறியிருக்கும். அவர் தேறி வந்து, அதே ஆண்டு கல்லூரி லைன்மேன்களுக்கான அவுட்லண்ட் விருதை வாங்கினார். 2007 தேர்வு நாளன்று மேடைக்கு வரும்படி அழைப்பு இருந்தது. போகாமல், அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடிக்கப் போய்விட்டார். படகில் இருக்கும்போதுதான் மூன்றாவது ஆளாகக் கிளீவ்லாந்து தன்னை எடுத்த செய்தி வந்தது. அந்த ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரசல் மூன்று பருவங்களோடு லீக்கைவிட்டே போனார். ஏரியில் இருந்தவர் பதினோரு பருவங்கள் ஆடினார்.

வேறு வழியிலும் வரலாம். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாக்காரர், சமோவா வம்சாவளி. சிட்னியில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தார். அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆறடி எட்டங்குல உயரத்தையும் அந்த உருவத்தோடு ஓடும் வேகத்தையும் பார்த்து, 2018-இல் ஈகிள்ஸ் அணி கடைசிச் சுற்றில் 233-ஆவது ஆளாக எடுத்தது. எங்கே நிற்பது, எப்படிக் குந்துவது என்பதிலிருந்து லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு பருவங்கள் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2020-இல் வாய்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று தோற்கடித்து, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஈகிள்ஸ் வென்றபோது இடது டேக்கிள் இடத்தில் நின்றவர் அவர்தான்.

தேர்வானதும் முடிந்துவிடாது. அணியில் 53 பேருக்குத்தான் இடம். முதல் ஒப்பந்தம் பொதுவாக நான்கு ஆண்டுகள், அதில் பெரிய பணம் முதல் சுற்றில் வந்தவர்களுக்குத்தான். ஒரு லைன்மேனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது இரண்டாவது ஒப்பந்தம். தாமஸுக்கு 2011-இல் ஏழு ஆண்டுகளுக்கு 84 மில்லியன் டாலர் கிடைத்தது. ஆனால் இந்த லீக்கில் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் உறுதியானதல்ல. அணி நடுவில் விலக்கிவிட்டால் உறுதி செய்யப்பட்ட பகுதி மட்டும்தான் கைக்கு வரும். இரண்டாவது ஒப்பந்தத்தைப் பார்க்காமலே போகிறவர்கள்தான் அதிகம். காயம் ஒரு காரணம், இடத்துக்கு இளைஞன் வந்துவிடுவது இன்னொரு காரணம்.

ஒரு லைன்மேன் நன்றாக ஆடினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எறிபவருக்கு, பிடிப்பவருக்கு, ஓடுபவருக்கு எல்லாம் எண்கள் உண்டு. லைன்மேனின் சட்டை எண்ணை மைக்கில் நடுவர் அறிவிப்பது அவர் தவறு செய்தபோதுதான். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது இதுவரை ஒரு அஃபென்சிவ் லைன்மேனுக்குக் கொடுக்கப்பட்டதில்லை. அவர் வேலை ஒன்றை நடக்கவிடாமல் வைப்பது, நடக்காததை எண்ணுவது கடினம். அதனால்தான் கிளீவ்லாந்துக்காரர்கள் தாமஸ் நின்றதையே எண்ணினார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் நின்ற அணி எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமஸ் இருந்த பதினோரு பருவங்களில் பிரவுன்ஸ் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. அவருடைய முதல் பருவத்தில் 10 வெற்றி, 6 தோல்வி, அப்போதும் இடம் கிடைக்கவில்லை. 2016-இல் ஒரே ஒரு வெற்றி. 2017-இல் பதினாறும் தோல்வி. அவர் முதுகுக்குப் பின்னால் 20 வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகள் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் மாறினார்கள், நிர்வாகம் மாறியது, எண் 73 மட்டும் இடது ஓரத்தில் இருந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், முடிவு தெரிந்துபோன கடைசிக் கால் மணி நேரத்தில், கை வலியைச் சொல்லி ஒருவர் வெளியே உட்கார்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் உட்காரவில்லை. முதல் பத்துப் பருவங்களிலும் ஒவ்வொரு முறையும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் தேர்வானார். இந்த வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

2017 அக்டோபர் 22, டென்னசி டைட்டன்ஸ் அணியுடன் கிளீவ்லாந்தில் ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் ஒருவரைத் தடுக்கும்போது அவருடைய இடது மேற்கையின் பின்தசை கிழிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அடுத்த ஸ்னாப்புக்கு வேறொருவர் வந்து நின்றார், பத்தாண்டுகளில் முதல் தடவையாக. அடுத்த மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

இந்த வேலை உடம்பிடம் கேட்கும் விலையைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் பாதிதான். 140 கிலோ என்பது தாமஸின் உடம்புக்கு இயல்பான எடை அல்ல. அந்த எடையைக் காப்பாற்ற நாள் முழுதும், பசி இல்லாவிட்டாலும், சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற சில மாதங்களில் இருபது கிலோவுக்கும் மேல் குறைத்துவிட்டார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று நினைப்போம். எல்லோராலும் அப்படிக் குறைக்க முடிவதில்லை. பெருத்த உடலும் கோடை வெயிலும் சேர்ந்தால் நேரடி ஆபத்து. 2001-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் வெப்பத்தால் மயங்கி விழுந்து, ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். வயது 27.

அதைவிட மெதுவான ஆபத்து தலையில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர், 1974 முதல் 1990 வரை ஆடியவர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர். ஓய்வுக்குப் பிறகு நினைவும் நிதானமும் குலைந்து, 2002-இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு நோயை அதில் கண்டார். 2005-இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். லைன்மேன்களின் தலையில் விழும் அடி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டும் பெரிய மோதல் அல்ல. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் தலைக்கவசத்தோடு தலைக்கவசம் உரசும் சிறிய இடி. மயக்கம் வராது, யாரும் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். ஆனால் அதே இடி பள்ளி நாளிலிருந்து எத்தனை ஆயிரம் முறை என்பதுதான் கேள்வி. 10,363 என்ற எண்ணை அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

2023 ஆகஸ்டில், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, தாமஸை ஓஹையோவின் கேன்டன் நகரில் உள்ள புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

அடுத்த முறை இந்த ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தால், ஒரே ஒரு ஸ்னாப்புக்குப் பந்தை விட்டுவிடுங்கள். குவார்ட்டர்பேக்கின் இடக்கைப் பக்கம், வரிசையின் ஓரத்தில், பெரும்பாலும் எழுபதுகளில் ஒரு எண் தெரியும். முதலில் அவருடைய பாதங்களைப் பாருங்கள், கால்கள் குறுக்கே போகின்றனவா என்று. பிறகு கைகள், யாருடைய கை முதலில் யார் மார்பில் விழுகிறது என்று. மூன்று வரை எண்ணுங்கள். பந்து எங்கே போனது என்பதை ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம்.